பிரிவின் துயரை ஆராய்ந்த ஜோன் போல்பி

நோயுற்ற குழந்தையொன்று வைத்தியசாலையில் அனுமதிக்கப்படும்போது தாயும் உடன் தங்கியிருப்பது எமது நாட்டில் எவரும் வியப்புடன் நோக்கும் விடயமன்று. ஆனால், 1950களின் தொடக்கம் வரை பிரித்தானியாவின் பல வைத்தியசாலைகளில் இதற்கு இடமிருக்கவில்லை. வாரத்திற்கு ஒருமுறை, அதுவும் ஓரிரு மணித்தியாலங்கள் மாத்திரமே பெற்றோர் தமது பிள்ளையைப் பார்க்க அனுமதிக்கப்பட்டனர். சில இடங்களில் அந்த அனுமதிகூட வழங்கப்படவில்லை. பெற்றோர் வந்து செல்வதால் பிள்ளை அழுகின்றது, வாட்டின் ஒழுங்கு குலைகின்றது, நோய்க்கிருமிகளும் பரவுகின்றன என்பனவே அதற்குக் கூறப்பட்ட காரணங்களாகும். முதல் இரண்டு நாட்கள் வீறிட்டு அழும் குழந்தை பின்னர் அமைதியடைந்துவிடும். அது புதிய சூழலுக்குப் பழகிவிட்டது என்றே வைத்தியர்களும் தாதியரும் கருதினர்.

அந்த அமைதி பழக்கத்தின் அறிகுறியல்ல, நம்பிக்கை இழந்த ஓர் உள்ளத்தின் மௌனம் என்பதை ஆதாரங்களுடன் எடுத்துரைத்தவர்களுள் முதன்மையானவர் ஆங்கிலேய உள மருத்துவரான ஜோன் போல்பி ஆவார். உளவளத்துணை, சிறுவர் நலன், குடும்ப வாழ்வு ஆகிய துறைகளில் இன்று பயன்படுத்தப்படும் பல கருத்துகளுக்கு அவரே அடித்தளமிட்டார். எனினும், தாய்மாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கும் அவரது பெயரே அடிக்கடி பயன்படுத்தப்பட்டு வந்துள்ளது. அவரது வாழ்க்கையை முழுமையாக நோக்கும்போது, அவர் கூறியவற்றில் ஒரு பாதியை மாத்திரமே உலகம் நினைவில் வைத்திருக்கின்றது என்பது தெளிவாகும்.

செல்வத்தின் நடுவே ஒரு தனிமை

ஜோன் போல்பி 1907ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் திகதி இலண்டனில் பிறந்தார். தந்தையான சேர் அன்தனி போல்பி அரச குடும்பத்தினருக்குச் சிகிச்சையளித்த புகழ்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணர். ஆறு பிள்ளைகளுள் ஜோன் நான்காமவர். அக்காலத்து ஆங்கிலேய உயர்குடி வழக்கப்படி பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு வீட்டிலிருந்த செவிலித்தாய்மாரிடமே விடப்பட்டிருந்தது. மாலைத் தேநீர் வேளைக்குப் பின்னர் ஏறத்தாழ ஒரு மணித்தியாலமே பிள்ளைகள் தாயுடன் இருந்தனர். மிகுந்த அன்பும் அரவணைப்பும் பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்பது அந்த வர்க்கத்தினரின் உறுதியான நம்பிக்கையாக இருந்தது.

ஜோனுக்கு நான்கு வயதாகும் வேளையில், அவரைப் பேணிவந்த இளம் செவிலி அந்த வீட்டிலிருந்து விலகிச் சென்றார். பெற்றோரைப் பொறுத்தவரை அது ஒரு பணியாளரின் விலகல் மாத்திரமே. பிள்ளைக்கோ அது தாயை இழந்ததற்கு ஒப்பான பேரிழப்பாக இருந்தது. பின்னர் முதலாம் உலக மகாயுத்தம் மூண்டது. தந்தை போர்முனைக்குச் சென்றார். சிறுவனான ஜோன் விடுதிப் பாடசாலைக்கு அனுப்பப்பட்டார். இளம் பிள்ளைகளை விடுதிகளுக்கு அனுப்பும் வழக்கத்தைப் பிற்காலத்தில் அவர் கடுமையாகவே நோக்கினார். தமது இளமைக் காலம் குறித்து அவர் அதிகம் பேசியவரல்லர். ஆயினும், அவர் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த வினா அந்த வீட்டிலேயே பிறந்தது எனக் கருதுவோர் பலர்.

டாட்மத் கடற்படைக் கல்லூரியில் பயின்ற அவர் கடற்படை வாழ்வில் நாட்டங்கொள்ளாமல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரியில் இணைந்து விஞ்ஞானமும் உளவியலும் கற்றார். 1928இல் பட்டம் பெற்றபின், இயல்புக்கு மாறான நடத்தையுடைய பிள்ளைகளுக்கான சிறிய பாடசாலையொன்றில் சில காலம் பணியாற்றினார். அங்கு அவர் சந்தித்த இரு பிள்ளைகள் அவரது வாழ்க்கையின் திசையையே மாற்றினர். ஒருவன், களவுக்காக முன்னைய பாடசாலையிலிருந்து விலக்கப்பட்ட இளைஞன். நிலையான தாயன்பை ஒருபோதும் அறியாத அவன் எவருடனும் ஒட்டாமல் தனித்திருந்தான். மற்றவன் ஏழெட்டு வயதுச் சிறுவன். போல்பி செல்லுமிடமெல்லாம் நிழல்போல் பின்தொடர்ந்தான். இருவருடைய நடத்தையும் முற்றிலும் வேறுபட்டிருந்தாலும், இருவரிடமும் உள்ள குறை ஒன்றே என்பதை அந்த இளம் ஆசிரியர் உணர்ந்தார்.

வெளியறையில் காத்திருந்த தாய்

அதன் பின்னரே அவர் மருத்துவம் பயின்று 1933இல் வைத்தியரானார். சமகாலத்திலேயே உளப்பகுப்பாய்விலும் பயிற்சி பெற்றார். சிக்மண்ட் புரொய்ட் தோற்றுவித்த அந்தத் துறையில் அப்போது இங்கிலாந்தில் செல்வாக்குப் பெற்றிருந்தவர் மெலனி கிளெய்ன். பிள்ளையின் மனக் கோளாறுகளுக்கு அதன் உள்மனக் கற்பனைகளே காரணம் என்பதும், வெளியே குடும்பத்தில் நிகழ்பவை இரண்டாம் பட்சமானவை என்பதும் அவரது நிலைப்பாடு.

1938இல் கிளெய்னின் மேற்பார்வையில் மூன்று வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் போல்பி சிகிச்சையளித்தார். அவனை அழைத்து வரும் தாய் கடும் மனப்பதற்றத்துடன் வெளியறையில் காத்திருப்பது வழக்கம். அந்தத் தாயுடன் பேச வேண்டும் எனப் போல்பி விரும்பினார். கிளெய்ன் அதற்கு இடமளிக்கவில்லை. மூன்று மாதங்களின் பின்னர் அந்தத் தாய் மனநோய் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். பிள்ளையைச் சிகிச்சைக்கு அழைத்துவர ஆளில்லாமற் போனதே அங்கு பெரிய குறையாகக் கருதப்பட்டதெனப் போல்பி பின்னர் நினைவுகூர்ந்துள்ளார். பிள்ளையின் துன்பத்தைத் தாயின் துன்பத்திலிருந்து பிரித்து நோக்க முடியாது என்ற அவரது நம்பிக்கையை இச்சம்பவம் மேலும் உறுதிப்படுத்தியது.

அக்காலத்தில் அவர் இலண்டன் சிறுவர் வழிகாட்டல் நிலையத்தில் பணியாற்றினார். களவுப் பழக்கமுடைய 44 பிள்ளைகளின் வரலாறுகளை அங்கு திரட்டி, களவுப் பழக்கமற்ற வேறு 44 பிள்ளைகளின் வரலாறுகளுடன் ஒப்பிட்டார். முதற் பிரிவில் 14 பேர் எவரிடமும் பாசமோ குற்றவுணர்வோ காட்டாதவர்களாக இருந்தனர். அந்த 14 பேரில் 12 பேர் சிறுபராயத்தில் தாயையோ தாய்க்கு நிகரானவரையோ நீண்டகாலம் பிரிந்திருந்தவர்கள். ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட 44 பேரில் இவ்வாறான பிரிவை அனுபவித்தவர்கள் இருவர் மாத்திரமே. 1944இல் வெளியான இவ்வாய்வின் முறையியல் இன்றைய அளவுகோல்களின்படி குறைபாடுடையதே. எனினும், ஒழுக்கக்கேடு எனத் தண்டிக்கப்பட்ட ஒன்றின் பின்னால் துயரம் மறைந்திருக்கக்கூடும் என்பதை அது வெளிப்படுத்தியது.

இரண்டாம் உலக மகாயுத்தம் தொடங்கியதும், குண்டுவீச்சிலிருந்து காப்பதற்காக இலட்சக்கணக்கான பிள்ளைகள் நகரங்களிலிருந்து கிராமங்களுக்கு அனுப்பப்பட்டனர். 1939 டிசம்பரில் போல்பியும் டொனால்ட் வினிகொட், இமானுவேல் மில்லர் ஆகியோரும் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகைக்கு ஒரு கடிதம் எழுதினர். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைத் தாயின்றி அனுப்புவது பாரதூரமான உளப் பாதிப்புகளை ஏற்படுத்தலாம் என அதில் அவர்கள் எச்சரித்தனர். உயிரைக் காப்பதற்காகவே எடுக்கப்படும் நடவடிக்கையும் உள்ளத்தைக் காயப்படுத்தலாம் என்ற உண்மை, போரின் பேரிரைச்சலுக்கு இடையில் எழுப்பப்பட்ட துணிச்சலான குரலாகும்.

குடும்பத்தை ஒன்றாக அமர்த்திய ஆலோசகர்

போர் முடிந்தபின் இலண்டனின் டாவிஸ்டொக் சிகிச்சை நிலையத்தில் சிறுவர் பிரிவின் தலைமைப் பொறுப்பை அவர் ஏற்றார். அந்தப் பிரிவின் பெயரைச் சிறுவர் மற்றும் பெற்றோர் பிரிவு என மாற்றியது அவர் செய்த முதற் பணிகளுள் ஒன்றாகும். பெயர்மாற்றத்தில் ஒரு கொள்கையே அடங்கியிருந்தது.

1949இல் அவர் வெளியிட்ட கட்டுரை குடும்ப உளவளத்துணையின் வரலாற்றில் ஒரு மைல்கல்லாகும். நீண்டகாலம் தனியே சிகிச்சை பெற்றும் முன்னேற்றமடையாத ஒரு பையனையும் அவனது பெற்றோரையும் அவர் ஒரே அறையில் சேர்த்து அமர்த்தினார். தொடக்கத்தில் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டினர். நேரம் செல்லச்செல்ல, பெற்றோர் தமது சொந்த இளமைக்கால வேதனைகளைப் பேசத் தொடங்கினர். மகனுடன் அவர்கள் கடுமையாக நடந்துகொண்டதன் வேர் அங்கிருந்தது. இன்று உளவளத்துணையாளர்கள் குடும்பத்தை ஒன்றாக அழைத்துப் பேசுவதற்கு இக்கட்டுரை ஒரு முன்னோடியாகும்.

1950இல் உலக சுகாதார ஸ்தாபனம், போரினால் வீடற்றுப்போன பிள்ளைகளின் உளநலம் குறித்து ஆராயும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தது. ஐரோப்பிய நாடுகள் சிலவற்றுக்கும் அமெரிக்காவுக்கும் சென்று, சிறுவர் நலப் பணியாளர்களைச் சந்தித்து அவர் தயாரித்த அறிக்கை 1951இல் வெளியானது. அதன் சுருக்கப் பதிப்பு 1953இல் மலிவு விலையில் வெளிவந்து பெருமளவில் விற்பனையாகி, பல மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது.

சிறு பிள்ளைக்கு உணவும் உறைவிடமும் போன்றே, தாயுடனோ தாயின் இடத்தை நிரந்தரமாக ஏற்பவருடனோ இடையறாத நெருங்கிய உறவும் இன்றியமையாதது என்பதே அவ்வறிக்கையின் சாரமாகும். பலரும் அறிந்த பாதி இதுவே. மறுபாதியோ அரசுகளை நோக்கிக் கூறப்பட்டது. தாயொருத்தி பிள்ளையைப் பேணுவதற்குத் தந்தையின் துணையும், பொருளாதார ஆதரவும், சமூகத்தின் அரவணைப்பும் வேண்டும் என்றார் அவர். பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்து இல்லங்களில் வைத்துப் பராமரிப்பதற்குப் பெரும் பணத்தைச் செலவிடும் அரசுகள், அதே பிள்ளையைத் தன்னுடன் வைத்திருக்க விரும்பும் ஏழைத் தாய்க்குச் சிறு தொகையை வழங்கவும் தயங்குகின்றன என அவர் சுட்டிக்காட்டினார்.

ஒரு திரைப்படம் செய்த புரட்சி

போல்பியின் உதவியாளராக இணைந்தவர் ஜேம்ஸ் ரொபேட்சன். போர்க்காலத்தில் அனா புரொய்ட் நடத்திய சிறுவர் காப்பகத்தில் கொதிகலனைப் பராமரிப்பவராகப் பணியாற்றிய இவர், பிள்ளைகளை உற்றுநோக்குவதில் வல்லவராக இருந்தார். தாயைப் பிரிந்த குழந்தை முதலில் எதிர்த்து அழுகின்றது, அடுத்து நம்பிக்கையிழந்து ஒடுங்குகின்றது, இறுதியில் தாய் வந்தாலும் முகங்கொடாத விலகல் நிலையை அடைகின்றது என இருவரும் மூன்று கட்டங்களை வகுத்தனர்.

சொல்லால் நம்ப மறுத்தவர்களுக்குக் காட்சியால் உணர்த்த விரும்பிய ரொபேட்சன், சிறிய சத்திரசிகிச்சைக்காக எட்டு நாட்கள் வைத்தியசாலையில் தங்கிய இரண்டு வயதுப் பெண் குழந்தையைப் படம்பிடித்தார். 1952இல் வைத்தியர்கள் முன்னிலையில் அது திரையிடப்பட்டபோது பலர் சினமுற்றனர்; தமது தொழிலுக்கு இழுக்கு ஏற்படுத்தப்படுவதாகக் கூறினர். ஆனால், படத்தில் அக்குழந்தை கூச்சலிடவில்லை. அழுகையை அடக்க அது பட்ட பாடே கண்டோரை வாட்டியது. சில ஆண்டுகளில் கருத்து மாறத் தொடங்கியது. 1959இல் பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் தடையின்றிப் பிள்ளையைப் பார்வையிடவும் தாய்மார் உடன் தங்கவும் வசதியளிக்க வேண்டுமெனப் பரிந்துரைத்தது. நடைமுறை முழுமையாக மாற மேலும் பல ஆண்டுகள் சென்றன.

பிணைப்புக் கோட்பாடு

குழந்தை தாயை நாடுவது பாலுக்காகவே என அன்றைய உளப்பகுப்பாய்வாளர்களும் நடத்தைவாதிகளும் கருதினர். போல்பியோ விலங்கியலில் விடை தேடினார். வாத்துக் குஞ்சுகள் உணவூட்டாத ஒருவரையும் பின்தொடர்வதைக் கொன்ராட் லோரன்ஸ் காட்டியிருந்தார். பால் தரும் கம்பித் தாயைவிட மென்துணி போர்த்திய தாயையே குரங்குக் குட்டிகள் கட்டிப்பிடித்திருப்பதை ஹரி ஹாலோ 1958இல் வெளியிட்டார். ஆபத்து வேளையில் தம்மைக் காப்பவரின் அருகில் இருப்பதற்கான இயல்பூக்கம் மனிதக் குழந்தைக்கும் உண்டு. அதுவே பிணைப்பு என்றார் போல்பி. அவருடைய துறையைச் சேர்ந்தவர்களே அவரைக் கடுமையாக விமர்சித்தனர். அவர் சங்கத்தை விட்டு விலகவுமில்லை, தமது கருத்தைக் கைவிடவுமில்லை.

இக்கோட்பாட்டுக்குக் களஆய்வின் வலுவை வழங்கியவர், கனடாவில் வளர்ந்த உளவியலாளரான மேரி எயின்ஸ்வேர்த் ஆவார். 1954இல் உகண்டா சென்ற அவர், கம்பாலா நகரை அண்டிய கிராமங்களில் 26 குடும்பங்களை மாதக்கணக்கில் அவதானித்தார். பின்னர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் விரிவான ஆய்வொன்றை நடத்தினார். தாய் எவ்வளவு நேரம் அருகில் இருந்தார் என்பதைவிட, குழந்தையின் குறிப்பறிந்து எவ்வாறு நடந்துகொண்டார் என்பதே பிணைப்பின் தன்மையைத் தீர்மானிக்கின்றது என்பது அவரது முக்கிய முடிவாகும். தந்தையிடமும் பாட்டியிடமும் பிள்ளைகள் பிணைப்புக் கொள்வதையும் அவர் பதிவுசெய்தார்.

போல்பி மீதான விமர்சனங்களையும் இங்கு குறிப்பிட்டாக வேண்டும். போருக்குப் பின்னர் பகல் நேரச் சிறுவர் பராமரிப்பு நிலையங்களை மூடவும், பணிபுரியும் தாய்மாரைக் குறைகூறவும் அவரது அறிக்கை பயன்படுத்தப்பட்டது. அவரது கடுமையான சில கூற்றுகளே அதற்கு வழிவகுத்தன என்பதையும் மறுக்க முடியாது. ஆயினும், காசநோய்ச் சிகிச்சை நிலையத்தில் தங்கியிருந்த பிள்ளைகளை ஆராய்ந்தபோது, பெரும்பாலானோர் தாம் எதிர்வு கூறியவாறு பாசமற்றவர்களாக மாறவில்லை என்பதைக் கண்டார். பிரிவின் விளைவை முன்னர் மிகைப்படுத்தியிருந்ததை 1956இல் சகாக்களுடன் சேர்ந்து எழுத்திலேயே ஏற்றுக்கொண்டார். 1972இல் மைக்கல் ரட்டர் வெளியிட்ட நூல், பிள்ளையின் நடத்தைச் சீர்கேட்டிற்குப் பிரிவைவிட வீட்டினுள் நிலவும் ஓயாத சச்சரவு பெரிதும் காரணமாவதை எடுத்துக்காட்டியது. இத்திருத்தங்கள் கோட்பாட்டை வீழ்த்தவில்லை, அதனைச் செம்மைப்படுத்தின.

துக்கம் பேசப்பட வேண்டும்

1969, 1973, 1980 ஆகிய ஆண்டுகளில் வெளியான மூன்று பெருந்தொகுதிகளே போல்பியின் வாழ்நாட் சாதனை எனலாம். முதலாவது பிணைப்பையும், இரண்டாவது பிரிவையும், மூன்றாவது இழப்பையும் ஆராய்கின்றன. உறவினரைப் பறிகொடுத்த பிள்ளையிடம் நடந்ததை விரைவாகவும் உண்மையாகவும் கூற வேண்டும், குடும்பத்தின் துக்கத்தில் அதற்கும் இடமளிக்க வேண்டும், ஆறுதல் தரும் ஒருவர் தொடர்ந்து உடனிருக்க வேண்டும் என மூன்றாம் தொகுதி வலியுறுத்துகின்றது. பிள்ளைக்கு விளங்காது எனக் கருதி மறைப்பது, அதனைத் தனிமையில் துயருற விடுவதாகும்.

உளவளத்துணையாளரின் பணியையும் அவர் இதே வழியில் விளக்கினார். சிறு பிள்ளை தாயை ஒரு பாதுகாப்பான தளமாகக் கொண்டு உலகை ஆராய்வது போல, துயருற்றவர் தமது கடந்தகாலத்தை அச்சமின்றித் திரும்பிப் பார்க்க உளவளத்துணையாளர் துணைநிற்க வேண்டும் என்றார்.

அவரது இறுதி நூல் சார்ள்ஸ் டார்வினின் வாழ்க்கை வரலாறாகும். எட்டு வயதில் தாயை இழந்த டார்வினின் வீட்டில் அந்த மரணம் பேசப்படாமலே விடப்பட்டது. அவரை வாழ்நாள் முழுவதும் வருத்திய நோய்க்கு அதனுடன் தொடர்பிருக்கலாம் என்பது போல்பியின் ஊகம். அந்நூல் வெளியான அதே ஆண்டில், 1990 செப்டெம்பர் 2ஆம் திகதி, ஸ்கொட்லாந்தின் ஸ்கை தீவில் தமது 83ஆவது வயதில் அவர் காலமானார்.

எமக்குரிய பாடம்

போல்பி ஆராய்ந்த துயரங்கள் எமது மக்களுக்குப் புதியவையல்ல. அவர் மறைந்த அடுத்த மாதமே வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும், 2009இல் முடிவுற்ற யுத்தமும் எத்தனையோ பிள்ளைகளிடமிருந்து தாயையோ தந்தையையோ பறித்தன. காணாமல் ஆக்கப்பட்டோரின் வீடுகளில் இழப்பை இழப்பென்று கூறவும் முடியாத நிலை தொடர்கின்றது. அத்தகைய வீட்டில் வளரும் பிள்ளைக்கு என்ன கூறுவது என்பது தாயொருத்தி தனியே விடைகாணக்கூடிய வினாவன்று. உண்மையை அறியும் உரிமை அரசியல் கோரிக்கையாக மாத்திரமின்றி உளநலத்தின் தேவையாகவும் இருப்பதைப் போல்பியின் மூன்றாம் தொகுதி உணர்த்துகின்றது.

வீட்டுப் பணிப்பெண்களாக மத்திய கிழக்கு நாடுகளுக்குச் செல்லும் தாய்மாரின் பிரச்சினை மற்றொன்று. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் தாய்மார் இவ்வாறு செல்வதை 2013ஆம் ஆண்டு அரசாங்கம் கட்டுப்படுத்தியது. குடும்பப் பின்னணி அறிக்கை பெண்களிடமே கோரப்பட்டது, தந்தையரிடம் கோரப்படவில்லை. பொருளாதார நெருக்கடி மூண்ட 2022இல் அந்த வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. பிள்ளைக்காகத் தாய் நாட்டில் இருக்க வேண்டும் என்ற சட்டமும், நாட்டுக்குப் பணம் தேவை என்றதும் அதைத் தளர்த்திய முடிவும் ஒரு வினாவைத் தவிர்த்துச் சென்றன. அத்தாய் ஊரிலேயே உழைத்துப் பிள்ளையை வளர்ப்பதற்கு என்ன ஏற்பாடு செய்யப்பட்டது என்பதே அவ்வினாவாகும். போல்பி 1951இல் அரசுகளிடம் கேட்டதும் இதனையே.

தாய் சென்ற வீடுகளில் அம்மம்மாவோ உம்மம்மாவோ பிள்ளையைத் தாங்குகின்றார். மலையகத் தோட்டங்களில் தாய்மார் கொழுந்து பறிக்கச் செல்ல, பிள்ளை மடுவங்களில் பிள்ளைகள் வளர்ந்தனர். அந்தக் கைகள் நிலையானவையாகவும் அன்புடையவையாகவும் இருந்தால் பிள்ளை தழைக்கும் என்பதற்கு எயின்ஸ்வேர்த்தின் ஆய்வுகள் சான்று பகர்கின்றன. அந்த முதியவர்களுக்கும் பராமரிப்பாளர்களுக்கும் உதவித்தொகையும் பயிற்சியும் வழங்குவது, தாய்மாருக்கு அறிவுரை கூறுவதைவிடப் பயன்மிக்கதாகும். வறுமை காரணமாகப் பெற்றோர் இருந்தும் சிறுவர் இல்லங்களில் வாழும் பிள்ளைகளின் விடயத்திலும் இதே அளவுகோலைப் பிரயோகிக்க வேண்டும்.

வெளியறையில் காத்திருந்த ஒரு தாயுடன் பேச அனுமதி கிடைக்காத இளம் வைத்தியர், பின்னர் உலகம் முழுவதும் தாய்மாரைப் பிள்ளையின் கட்டிலருகே அமர்த்தக் காரணமானார். எமது பாடசாலைகளிலும் வைத்தியசாலைகளிலும் பிரதேச செயலகங்களிலும் பணியாற்றும் உளவளத்துணை அலுவலர்கள் பிள்ளையை மாத்திரமன்றி அதன் பெற்றோரையும் செவிமடுப்பதற்கு நேரமும் வசதியும் பெறுவார்களாயின், அதுவே அம்மனிதரின் உழைப்புக்கு நாம் செலுத்தும் உரிய மதிப்பாக அமையும்.